விவசாயமா, வேறயா?

10 ஜூன் 2002, திங்கள்

காலையிலிருந்து முட்டி வலி. கடையைத் திறந்து ஊதுவத்தி கொளுத்துவதற்குள் விற்பனை வரி ஆபீசிலிருந்து வந்துவிட்டார்கள். இந்த முறை புது ஆபீசர். மரகதவல்லி என்று பெயர், சின்னக் காஞ்சிபுரத்துக்காரர். நாற்பத்தைந்து வயது இருக்கும். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். காப்பி சொன்னேன், வேண்டாம் என்றார். காப்பி வேண்டாம் என்கிற ஆபீசரை நான் நம்புவதில்லை.

பில் புத்தகங்களைப் புரட்டினார். அவசரமே இல்லை அந்த அம்மாளுக்கு. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ரெண்டு வருஷமா மழையே சரியா இல்லை. மம்முட்டி விற்பனை மட்டும் எப்படி ஏறிண்டே போறது?"

நான் விற்பது மண்வெட்டி, கதிர் அரிவாள், களைக்கொத்து, ஏர்க்கொழு. கையாலோ மாட்டாலோ வேலை செய்கிற விவசாயக் கருவிக்கு விற்பனை வரி கிடையாது. அதனால் நானும் வரி போடுவதில்லை. இத்தனை வருஷமாக எந்த ஆபீசரும் இதைக் கேட்டதில்லை. இவர் கேட்கிறார்: விவசாயத்துக்கு என்றுதானே விலக்கு, இதெல்லாம் விவசாயத்துக்குத்தான் போகிறது என்று யார் சொன்னது?

"விவசாயிதாம்மா வாங்கறான். வேற யாரு மம்முட்டி வாங்கிக்கினு போவான்?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன். அப்போது பார்த்து ஒரு மணல் லாரி தெரு முழுக்கத் தண்ணீர் சொட்டிக்கொண்டு மார்க்கெட் முனையில் திரும்பியது. அவர் அதைப் பார்த்தார். என்னையும் பார்த்தார். எழுந்து போனார்.

என்ன பிழைப்பு இது.

12 ஜூன்

தேவசகாயத்தைப் போய்ப் பார்த்தேன். என் வரி விவகாரம் எல்லாம் அவர்தான் பார்க்கிறார். வரி விலக்குப் பட்டியலில் மண்வெட்டி என்றுதானே இருக்கிறது, அது யார் கையில் இருக்க வேண்டும் என்று இல்லையே என்றேன்.

"வாதாடலாம். ஜெயிக்கவும் ஜெயிக்கலாம். அதுக்குள்ள உங்க முட்டி ரெண்டும் தேஞ்சு போயிடும்" என்றார். ஆறுதல் சொல்வதில் மன்னன்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எதற்கு இந்தச் சலுகையைக் கொடுத்துவிட்டு இப்படி நோண்டுகிறீர்கள், கொடுக்காமலே இருந்திருக்கலாமே என்று அவரிடம் கத்தினேன். அவர் என்ன செய்வார் பாவம். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"பாவம் பாத்து விட்ட சலுகைன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அது இல்ல சார். நீங்க கடைக்கு ஒரு தராசு வாங்கறீங்க, வரி கட்டறீங்க. அத எங்க ஏத்துவீங்க? சாமான் விலையில. விவசாயி மம்முட்டிக்கு வரி கட்டினா எதுல ஏத்துவான்? நெல்லுக்கு விலை அவனா சொல்றான்? ஏத்த முடியாத வரி அவன் தலையிலயே நின்னுடும். அப்படியே ஏத்த முடிஞ்சாலும் அது அரிசி விலையில வந்து நிக்கும். சாப்பாட்டுக்கு வரி போட்ட மாதிரி ஆயிடும். அதான் வேலைக்கு வாங்கற சாமானுக்கு வேணாம்னு விட்டாங்க."

நடந்து வரும்போது அண்ணன் ஞாபகம் வந்தது. ஓரிக்கையில் பாலாற்றங்கரையில் எங்கள் நிலம் முழுக்க அவர்தான் பயிர் வைக்கிறார். நான் எப்போதோ கடை என்று டவுனுக்கு வந்துவிட்டேன். மண்டிக்கு மூட்டை கொண்டு வந்தால் அண்ணன் கேட்கிற முதல் கேள்வி, "இன்னா வெல குடுக்கறீங்க?" என்பதுதான். நான் பார்த்த வரையில் விற்கிறவனே விலை கேட்கிற வியாபாரம் இது ஒன்றுதான்.

17 ஜூன்

தேவசகாயம் சொன்ன யோசனைப்படி இன்றிலிருந்து ஒவ்வொருவரையும் கேட்க வேண்டும். விவசாயமா, வேறயா? விவசாயம் என்றால் பில்லில் அப்படியே எழுதி வரி இல்லாமல் கொடுப்பது. வேறு என்றால் வரி போடுவது.

கல்லாவில் அலமு உட்கார்ந்திருந்தாள். மூன்றாவது ஆளைக் கேட்டபோதே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். "கலியாணத்துல மாப்ள வூடா பொண்ணு வூடான்னு கேக்கற மாரியே இருக்குதுங்க" என்றாள். கட்டினவள் சிரிக்கட்டும், வாங்க வருகிறவன் முறைக்கிறானே.

18 ஜூன்

எல்லோரும் விவசாயம்.

22 ஜூன்

இன்றும் எல்லோரும் விவசாயம். பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறைக்காரர் ஒருவர் வந்தார். பட்டறைக்குப் பின்னால் கால்வாய் அடைத்துக்கொண்டதாம், மண்வெட்டி வேண்டுமாம். கேட்டேன். விவசாயம் என்றார். "எதைப் பயிர் வெச்சிருக்கீங்க?" என்றேன். "பட்டுப்பூச்சி எங்க வளருது? விவசாயிங்க வளக்கிறாங்க. அந்த நூலுக்குத்தான நாங்க சாயம் ஏத்தறோம்" என்றார். எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சிரிப்பு வந்ததே தவிர உடம்பில் தெம்பே இல்லை. சர்க்கரை ஏறியிருக்கும்.

1 ஜூலை

ஏகாம்பரம் வந்தான். எங்கள் ஊர்க்காரன், அண்ணன் நிலத்துக்கு இரண்டு வரப்பு தள்ளி அவனுக்கு முக்கால் காணி இருக்கிறது. தகடு அகலமான மண்வெட்டியாகப் பார்த்து எடுத்தான். வரப்பு வெட்டுகிறவன் அதைத் தொடமாட்டான். அது மணல் அள்ள.

"விவசாயமா, வேறயா?" என்றேன்.

"இன்னாண்ணா கேள்வி இது? உனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் கேக்கறேன். ஆத்துல லோடு அடிக்கத்தானே?"

அவன் முகம் செத்துவிட்டது. "கெணத்துல தண்ணி இல்ல, இப்ப லோடு அடிக்கிறேன். லாரிக்காரன் மம்முட்டி தரமாட்டான், அவனவன்தான் எடுத்துக்கினு வரணும். மழ வந்தா அதே மம்முட்டிய எடுத்துக்கினு வரப்புக்குத்தான போவேன்? நான் விவசாயி இல்லன்னு எழுதிடுவியா நீ?"

எழுதவில்லை. வரி என்று பார்த்தால் ஒரு டீ, ஒரு வடைக் காசு கூட வராது. அதற்காக அவன் அப்படிப் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் தேவசகாயம் சொன்ன காரணம் இவனுக்கும் பொருந்துகிறது. லோடுக்குக் கூலி இவனா சொல்கிறான்? லாரிக்காரன் சொல்கிறான். மண்வெட்டிக்குப் போட்ட வரியை இவன் எவன் தலையில் ஏற்றுவான்? சட்டம் எழுதினவருக்கு இந்த ஏகாம்பரத்தைத் தெரியாது. அது யார் குற்றமும் இல்லை.

6 ஜூலை

அண்ணன் வந்தார். வெயிலில் சைக்கிள் மிதித்து வந்து மூச்சு வாங்குகிறது, ஆனாலும் உட்கார மாட்டார். அறுபதாகிவிட்டது, பிடிவாதம் மட்டும் இருபதிலேயே நிற்கிறது. வருகிற வெள்ளிக்கிழமை ஊற்றுக்கால் வெட்டு.

எங்கள் பக்கத்தில் பாலாற்றில் தண்ணீர் மேலே ஓடுவது அபூர்வம். மணலுக்கு அடியில்தான் ஓட்டம். ஆற்றுப்படுகையில் ஊற்று எடுத்து, அதிலிருந்து நிலத்துக்கு ஒரு கால்வாய். வருஷம் பூராவும் மணல் சரிந்து மூடிக்கொண்டே இருக்கும். ஆனி மாதம் கடைசி வெள்ளியன்று வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வந்து ஊரே சேர்ந்து வெட்டும். கூலி கிடையாது. வராத வீட்டுக்கு அந்த வருஷம் தண்ணீர் முறை கடைசியில்தான். அண்ணன்தான் முன்னால் நின்று நடத்துகிறவர். மண்வெட்டி இல்லாத ஆளுக்குக் கொடுக்க என் கடையிலிருந்து ஒரு கட்டு போகும்.

"ஆளுங்க வருவாங்களாண்ணா? எல்லாம் லாரிப் பக்கம் போயிக்கினு இருக்கறானுங்க" என்றேன்.

"லாரி தினம் வரும். கால் வெட்டு வருஷத்துக்கு ஒரு வாட்டி. வராம எங்க போவானுங்க?" என்றார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

9 ஜூலை

வரி ஆபீசுக்குக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். போனேன். மரகதவல்லி அம்மாள் புதுப் பில்களைப் பார்த்தார். ஒன்று விடாமல் விவசாயம்.

"ஒருத்தர் கூட வேறன்னு சொல்லலையா?"

"இல்லம்மா."

அவருக்கும் சிரிப்பு வந்திருக்க வேண்டும், அடக்கிக்கொண்டார். "விவசாயிக்கு ஏன் விலக்குன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதீங்கோ. காரணம் நியாயமா இருக்கறதுனாலதான் கேக்கறேன். கண்டவா எல்லாம் அந்த வாசல்ல நுழைஞ்சா நாளைக்கு வாசலையே சாத்திடுவா" என்றார். தப்பாகப் பேசவில்லை. நியாயமாகப் பேசுகிற ஆபீசரிடம் சண்டை போடவும் முடியவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வெள்ளிக்கிழமை ஓரிக்கைக்கு வாருங்கள் என்றேன். ஊரே என் மண்வெட்டியோடு ஊற்றுக்காலில் நிற்கும், கண்ணால் பாருங்கள், பிறகு நான் சொல்வது பொய்யா என்று சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றுவிட்டார்.

வீட்டில் சொன்னேன். "மாமாவ ஒரு வார்த்த கேட்டுக்குங்க" என்றாள் அலமு, அண்ணனைச் சொல்கிறாள். இதில் கேட்க என்ன இருக்கிறது?

12 ஜூலை, வெள்ளி

எழுதிவிட்டால் கொஞ்சம் ஆறுமோ என்று எழுதுகிறேன்.

ஆட்டோவில் போனோம். அந்த அம்மாள், பியூன், நான். கரையில் கன்னிமார் கல்லுக்கு மஞ்சள் பூசி, பொங்கல் வைத்திருந்தது. பானையைச் சுற்றி இரண்டு மூன்று பெண்கள், அவர்களில் கங்கையம்மா அண்ணியும் ஒருத்தி. எங்களைப் பார்த்ததும் எழுந்தாள். முகம் சரியில்லை. அப்போதே திரும்பியிருக்க வேண்டும்.

ஊற்றுக்காலில் அண்ணன் இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு பள்ளத்தில் நின்று வெட்டிக்கொண்டிருந்தார். கூட நாலு கிழவர்கள். நான் அனுப்பிய மண்வெட்டிக் கட்டு கயிறு கூட அவிழ்க்காமல் மேலே கிடந்தது.

மற்றவர்கள் எல்லோரும் கூப்பிடு தூரத்தில் ஆற்றுக்குள் இருந்தார்கள். லாரிகள் வரிசையாக நின்றன. எங்கள் ஊர் ஆட்கள் வரிசையாக நின்று மணல் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிடிக்கு நான் அடிக்கிற பச்சை வண்ணம் கரையிலிருந்தே தெரிந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல. எல்லாமே என் கடைச் சரக்கு. ஏகாம்பரம் என்னைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைக் கீழே வைத்து இரண்டு கையாலும் கும்பிட்டான். சந்தோஷமாகக் கும்பிட்டான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த அம்மாள் ஆற்றைப் பார்த்தார், பிறகு கால்வாயைப் பார்த்தார். கால்வாயின் வாய் இருக்கிற இடத்திலிருந்து ஆற்றுப்படுகை ஓர் ஆள் ஆழத்துக்குக் கீழே போயிருந்தது. அவ்வளவு மணல் எடுத்திருக்கிறார்கள். சின்னக் குழந்தைக்குக் கூடத் தெரியும்.

"பெரியவரே, தண்ணி இதுல எப்படி ஏறும்?" என்று மெதுவாகத்தான் கேட்டார்.

"ஏறாதும்மா" என்றார் அண்ணன்.

"பின்னே ஏன் வெட்டறேள்?"

"ஆனி கடைசி வெள்ளி. வெட்டணும்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்தேனா? முன்னால் போய், "இவர் எங்க அண்ணன்மா, அப்பாதுரை. இவர் மம்முட்டி விவசாயத்துக்குத்தான், நீங்களே பாத்துக்குங்க" என்றேன். சந்தையில் மாட்டைப் பிடித்துக் காட்டுகிறவன் மாதிரி.

"யாருடா இவங்க?" என்றார். வரி ஆபீசர் என்றேன். எதற்காக அழைத்து வந்தேன் என்றும் சொன்னேன்.

அண்ணன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நிமிர்ந்தார். "ஒரு ஊரே என்ன உட்டுட்டுப் போயி அங்க நிக்குது. அத வேடிக்க காட்டவா ஆபீசர கூட்டிக்கினு வந்த? காட்டிட்டல்ல, போ" என்றார். மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

திரும்பும்போது அந்த அம்மாள் ஆபீஸ் வாசலிலேயே ஆட்டோவை நிறுத்தி இறங்கிக்கொண்டார்.

ஒரு நாள் முன்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தால்? பார்க்கத் தோன்றவே இல்லையே. கால் வெட்டுக்கு ஊர் வராமல் இருக்கும் என்று எனக்கு எப்படித் தோன்றும்? ஆள் வருவார்களா என்று நானேதான் கேட்டேன். கேட்டுவிட்டு அவர் சொன்னதை நம்பினேன். அவரும் நம்பித்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் முட்டாள்கள்.

13 ஜூலை

கடை திறக்கவில்லை.

21 ஜூலை, ஞாயிறு

ஓரிக்கைக்குப் போனேன். என்னைப் பார்த்ததும் அண்ணன் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

அண்ணி மோர் கொடுத்தாள். "உம்மேல கோவம்னு நெனைக்காத தம்பி. அவரு பள்ளத்துல தனியா நின்னது எங்களுக்குள்ள இருந்திருந்தா பரவால்ல. வெளியாளு பாத்துட்டாங்க பாரு, அது அறுக்குது அவர" என்றாள்.

கோபம் என்றால் கூடத் தேவலாம். திட்டித் தீர்த்துவிட்டுப் பேசியிருப்பார்.

19 ஆகஸ்ட்

மரகதவல்லி அம்மாள் கடைக்கு வந்தார். இந்த முறை காப்பி குடித்தார். பழைய விற்பனையைக் கிளறப் போவதில்லையாம். மண்வெட்டி பட்டியலில் இருக்கிறது, அது போதும் என்று எழுதிவிட்டாராம். "ஆனா கேக்கறதை நிறுத்தாதீங்கோ. வேறன்னு சொன்னா வரி போடுங்கோ" என்றார்.

போகும்போது படியில் நின்று, "அந்தப் பெரியவர் எப்படி இருக்கார்?" என்றார். நல்லா இருக்கார் என்றேன். வேறு என்ன சொல்வது.

ஜெயித்துவிட்டேன். தேவசகாயம் கை கொடுத்தார். எனக்கு வாய் கசந்தது.

3 செப்டம்பர்

மணல் கான்ட்ராக்டரின் மேஸ்திரி வந்து இரும்புச் சட்டியும் கூடையும் வாங்கினான். கழுத்தில் தங்கச் சங்கிலி. கேட்டேன். விவசாயம் என்றான். கூசாமல் சொன்னான். இரும்புச் சட்டிக்கு எப்படியும் வரி உண்டு என்று சொல்லிப் போட்டேன். அந்தச் சின்னத் திருப்தி சாயங்காலம் வரை கூட நிற்கவில்லை.

8 அக்டோபர்

கடை ஆரம்பித்த நாளிலிருந்து இந்த மாதிரி விற்பனை பார்த்ததில்லை. அகல மண்வெட்டி வந்து இறங்கினால் இரண்டாம் நாள் இல்லை.

அண்ணன் மகன் பாலாஜி வந்து சொல்லிவிட்டுப் போனான். கிணற்றில் ஊறுகிற தண்ணீர் மாட்டுக்குத்தான் போதுமாம். நாற்றங்கால் விட்ட சம்பா நாற்று மஞ்சளித்துவிட்டதாம், நடவு இல்லையாம். ஓரிக்கையில் இந்தப் பருவம் நடாதவர்களில் அண்ணனும் ஒருவர். அவர் வயலில் நாற்று நடாத ஒரு புரட்டாசி எனக்கு நினைவில் இல்லை.

"அப்பா எதுனா பேசறாராடா?" என்றேன்.

"பேசினா உன் காதுக்கு வராமலா போவும் சித்தப்பா?" என்றான்.

அவனுக்கும் லாரி ஓட்டுகிற வேலை அமைந்திருக்கிறது. எந்த லாரி என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

10 அக்டோபர்

இனி ஆற்றுக்குப் போகிற ஆளுக்கு மண்வெட்டி கிடையாது என்று முடிவு செய்தேன். இன்று மூன்று பேரைத் திருப்பி அனுப்பினேன். நான் விற்ற மண்வெட்டியாலேயே என் அண்ணன் கிணறு வற்றுவதா? போதும்.

11 அக்டோபர்

ஏகாம்பரம் வந்து கடை வாசலில் நின்று சத்தம் போட்டான். "அண்ணன் தம்பிக்குள்ள பேச்சு இல்லன்னா அத உங்க வூட்டுல வெச்சுக்குங்க. எங்க வயித்துல ஏன் அடிக்கிற? மெஷின உட்டு ராத்திரியெல்லாம் அள்றானே, அவன போயி கேளு. கையால அள்றவன்தான் உன் கண்ணுக்குத் தெரியறானா?"

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் பார்த்தார்கள். அலமு எழுந்து போய் அவளே மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தாள். "நீங்க விக்கலன்னா எதிர் கடையில வாங்கிப்பான். ஆத்துல ஒரு கூட மணல் கொறையுமா?" என்றாள் என்னிடம்.

குறையாது. மெஷின்காரனை நான் போய்க் கேட்கவும் இல்லை. ஒரே நாளில் என் வைராக்கியம் முடிந்தது. வெட்கமாக இருக்கிறது.

26 நவம்பர்

மழை இல்லை. வானம் மூடுகிறது, சிணுங்குகிறது, போய்விடுகிறது.

9 டிசம்பர்

அண்ணன் மாடுகளை விற்றுவிட்டார். ஜோடியாக. வைக்கோல் விலைக்கு வாங்கிப் போட்டுக் கட்டுப்படியாகவில்லை என்று அண்ணி சொல்லி அனுப்பினாள். கேட்டதும் ரயிலடி வரை நடந்து போய்விட்டுத் திரும்பினேன், ஏன் போனேன் என்று தெரியவில்லை.

13 டிசம்பர்

போர்வெல் போட என் பங்குக்குப் பணம் தருகிறேன், நிலம் எனக்கும் பாதிதானே என்று பாலாஜியிடம் சொல்லி அனுப்பினேன். பதில் வந்தது. பாலாஜி அதைச் சொல்லத் தயங்கினான், நான்தான் வற்புறுத்தினேன்.

"மணல் இருந்தாத்தான் தண்ணி நிக்கும். பாறைய தோண்டி இன்னாத்த எடுக்கறது. காச பத்திரமா வெச்சுக்கச் சொல்லு" என்றாராம்.

எனக்குச் சொன்னதல்ல அது. மகனுக்குச் சொன்னது. நான் கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான்.

18 ஜனவரி 2003

பொங்கலுக்கு ஓரிக்கை போனோம். அலமு பிடிவாதமாக அழைத்துப் போனாள். அண்ணன் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். குழம்பு வேண்டுமா என்று அலமுவைக் கேட்டார். என் இலையைப் பார்க்கவில்லை. மாட்டுப் பொங்கலன்று கொட்டகையைக் கழுவி விட்டிருந்தார்கள், வெறும் முளைக்குச்சிதான். அண்ணி அந்தக் குச்சிக்கு மஞ்சள் குங்குமம் வைத்தாள்.

ஒரு வார்த்தை பேசேன் அண்ணா. திட்டேன். உனக்கு இன்னா கொறஞ்சு போவுது?

20 பிப்ரவரி

சர்க்கரை இருநூற்று எண்பது. டாக்டர் கவலைப்படக் கூடாது என்கிறார். அதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் நன்றாக இருக்கும், மருந்துக் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

11 மார்ச்

காலை பத்து மணி இருக்கும். அண்ணன் வந்தார்.

சைக்கிளை நிறுத்திப் பூட்டினார். அலமு கல்லாவிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். வாருங்கள் என்று சொன்னேனா இல்லையா என்பதே இப்போது நினைவில்லை. பேச வந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். அப்படி ஒரு சந்தோஷம். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, கண் கலங்கிவிட்டது.

அவர் நேராக உள்ளே போனார். மண்வெட்டிகள் சாத்தியிருக்கிற மூலையில் நின்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். வரப்பு வெட்டுகிற சின்னத் தகடு எதையும் தொடவில்லை. அகலத் தகடு ஒன்றை எடுத்துக் கனம் பார்த்து, பிடியை அசைத்துப் பார்த்து, மேஜை மேல் கொண்டு வந்து வைத்தார்.

எனக்குப் புரிந்துவிட்டது. புரியாத மாதிரி பில் புத்தகத்தை இழுத்து எழுதினேன். அப்பாதுரை, ஓரிக்கை. மண்வெட்டி ஒன்று. விவசாயம். கேட்கவில்லை. அவரை எப்படிக் கேட்பேன்? கை தானாக எழுதியது.

பில்லைக் கையில் வாங்கித் தூரப் பிடித்துப் படித்தார். திருப்பி என் முன்னால் வைத்தார்.

"எல்லாரையும் ஒரு கேள்வி கேக்கறியாமே. என்ன ஏன் கேக்கல?"

ஆனி மாதத்துக்குப் பிறகு என்னிடம் பேசுகிற முதல் பேச்சு. அதே குரல். இளைத்திருக்கிறார், குரல் இளைக்கவில்லை.

"உங்கள போயி கேப்பாங்களா மாமா?" என்றாள் அலமு.

"கேக்கட்டும்மா. கேளுடா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். கடையில் வேறு யாரும் இல்லை, அது ஒன்றுதான் நல்லது.

"விவசாயமா, வேறயாண்ணா?"

"வேற" என்றார்.

அந்தப் பில்லைக் கிழித்துவிட்டு வரி போட்டு வேறு எழுதினேன். பணத்தை எண்ணி வைத்தார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கிற ஆள் இல்லை. "சாப்புட்டுட்டுப் போங்க மாமா" என்றாள் அலமு. நேரமாகிவிட்டது, லாரி நிற்காது என்றார். மண்வெட்டியைச் சைக்கிளில் கட்ட நான் கயிறு பிடித்தேன். முட்டி எப்படி இருக்குது என்று கேட்டார். பரவாயில்லை என்றேன்.

இத்தனை மாதமாகக் கேட்கிறேன். வேறு என்று சொன்ன முதல் ஆள் அண்ணன்தான்.